மேஜர் டெய்லர்: பயிற்சி எடுக்க இடம் கிடைக்காத உலக சம்பியன்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் தரம் 8, 9 படிக்கின்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

சைக்கிள் ஓடத் தெரியாத பிள்ளை நமது ஊரில் மிகக் குறைவு. மத்ரஸாவுக்கு, டியூஷனுக்கு, கடைக்கு எல்லாம் சைக்கிள்தான். ஆனால் அதே சைக்கிளை வைத்து நடக்கின்ற "ட்ராக் ஸ்பிரின்ட்" என்ற ஒரு போட்டி இருப்பதும், அதற்குச் சின்ன வயதிலிருந்தே பிள்ளைகளைப் பயிற்றுவிப்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் போட்டியில் 125 வருடங்களுக்கு முன்னர் உலகத்தையே வென்ற ஒரு கறுப்பின இளைஞனின் வரலாறுதான் இது. அவன் எப்படி வென்றான் என்பதை விட, எங்கே பயிற்சி எடுத்தான், எங்கே பயிற்சி எடுக்க விடாமல் துரத்தப்பட்டான் என்பதைக் கவனித்து வாசியுங்கள்.

*முதலில் இந்தப் போட்டி என்னவென்று பார்ப்போம்*

ட்ராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. கியர் மாற்றவும் முடியாது. பின் சக்கரம் சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்தி வைக்க வழியில்லை. ஓடுதளம் வட்டமாக, வளைவுகளில் சுவர் போலச் சரிந்து உயர்ந்திருக்கும். இன்றைய உள்ளரங்கத் தளங்கள் பெரும்பாலும் 250 மீற்றர் சுற்றளவு கொண்ட மரப்பலகைத் தளங்கள். வேகம் குறைந்தால் அந்தச் சரிவில் சக்கரம் வழுக்கிவிடும்.

ஸ்பிரின்ட் போட்டியில் இரண்டு பேர் மோதுவார்கள். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் ஆரம்பத்தில் இருவரும் நடக்கிற வேகத்தில்தான் போவார்கள். சில நேரம் சைக்கிளை அப்படியே அசையாமல் நிறுத்தி, கால் நிலத்தில் படாமல் சமநிலையில் நிற்பார்கள். காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு அந்தச் சிரமம் குறைவு. மிச்சம் பிடித்த சக்தியை வைத்துக் கடைசி நேரத்தில் பாய்ந்துவிடலாம். ஆகவே முன்னால் போக இருவருக்கும் விருப்பமில்லை. பிறகு திடீரென்று ஒருவர் பாய்வார். கடைசி 200 மீற்றரை இன்றைய முதல்தர வீரர்கள் 9 செக்கனை ஒட்டிய நேரத்தில் கடக்கிறார்கள். அதாவது மணிக்குச் சுமார் 80 கிலோமீற்றர் வேகம்.

அதனால் இதற்கான பயிற்சியும் வித்தியாசமானது. நாள் முழுக்க ஓடுவது இதில் பயிற்சி அல்ல. முழுப் பலத்தோடு ஒரு சில பாய்ச்சல்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் நீண்ட ஓய்வு. நின்ற இடத்திலிருந்து கிளம்புவது, எதிராளியின் தோளைப் பார்த்து அவன் எண்ணத்தைப் படிப்பது, சரிவின் உச்சியிலிருந்து இறங்கி வேகத்தைச் சேர்ப்பது எல்லாம் தனித்தனியாகப் பழக வேண்டியவை. சின்னப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் கனமான கியர் போட அனுமதியில்லை. முதலில் கால் வேகமாகச் சுற்றப் பழக வேண்டும், பலம் பிறகு வரும் என்பது அதன் தத்துவம்.

இவை எதையும் வீதியில் தனியாகப் பழக முடியாது. தளம் வேண்டும், கூட ஓட ஆட்கள் வேண்டும், பார்த்துத் திருத்த ஒருவர் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

*வண்டிக்காரரின் மகன்*

மார்ஷல் வோல்டர் டெய்லர் 1878 நவம்பர் 26ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 13 வருடங்கள்தான் ஆகியிருந்தன. வாப்பா கில்பர்ட் டெய்லர் உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர். பிறகு ஒரு வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்தில் குதிரை வண்டி ஓட்டும் வேலை பார்த்தார். அந்த வீட்டு மகனுக்கு விளையாட்டுத் துணையாக மார்ஷலையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில்தான் மார்ஷலுக்கு ஒரு சைக்கிளும் கிடைத்தது.

அந்த வீட்டுப் பையனும் அவன் நண்பர்களும் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார்கள். நமது ஊர்களில் வை.எம்.எம்.ஏ. இருப்பது போல அது கிறிஸ்தவ இளைஞர்களுக்கான அமைப்பு. மார்ஷலும் கிறிஸ்தவன்தான், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகின்ற குடும்பம். ஆனால் தோல் கறுப்பு. கூடத்துக்குள் விடவில்லை. நண்பர்கள் உள்ளே பயிற்சி செய்ய, இவன் வெளியே நின்றான். மூடிய முதல் வாசல் அது.

பத்து வயது கடந்து சில வருடங்களில் ஹே அன்ட் விலிட்ஸ் என்ற சைக்கிள் கடையில் வேலை கிடைத்தது. கடை கூட்டுவது, சாமான் துடைப்பது, பிறகு வாசலில் சைக்கிள் வித்தை காட்டிக் கூட்டம் சேர்ப்பது. வித்தை காட்டும்போது இராணுவச் சீருடை போன்ற உடுப்பைப் போட்டுவிட்டார்கள். "மேஜர்" என்ற பட்டப் பெயர் அப்படி வந்தது. கடை முதலாளி ஒருநாள் வேடிக்கைக்காக இந்தச் சிறுவனை 10 மைல் போட்டியொன்றில் இறக்கிவிட்டார். சிறுவன் வென்றுவிட்டான்.

*ஒருவர் கண்டுகொண்டார்*

இந்த இடத்தில் ஆசிரியர்களும் பயிற்றுவிப்பாளர்களும் கொஞ்சம் நிதானித்து வாசிக்க வேண்டும்.

லூயிஸ் மங்கர் என்று ஒருவர். முன்னாள் சைக்கிளோட்ட வீரர், பிறகு சைக்கிள் தயாரிப்பாளர். அவர் வெள்ளைக்காரர். அவர் மார்ஷலை வேலைக்கு எடுத்தார், அவனிடம் இருந்த வேகத்தையும் கண்டுகொண்டார். எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது, எப்படி ஓடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கறுப்புப் பையனுக்காக ஏன் இவ்வளவு மினக்கெடுகிறாய் என்று கூட இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கணக்கெடுக்கவில்லை.

அந்தக் காலச் சூழல் எப்படியிருந்தது என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் பெரிய சைக்கிளோட்டச் சங்கமான லீக் ஒஃப் அமெரிக்கன் வீல்மென் 1894ஆம் ஆண்டு தனது உறுப்புரிமையை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது.

1895இல் மங்கர் தனது தொழிலை மசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துக்கு மாற்றினார். மார்ஷலும் அவரோடு போனான். அங்கே நடந்த முதலாவது முக்கியமான விடயம் பந்தயம் அல்ல. வூஸ்டர் வை.எம்.சி.ஏ. அவனை உள்ளே எடுத்தது. அதே அமைப்பு, அதே பெயர், வேறு ஊர். முதன்முறையாக ஒழுங்கான உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி செய்யும் வாய்ப்பு. வூஸ்டரில் ஜோர்ஜ் வீதி என்று மிகச் செங்குத்தான ஓர் ஏற்றம் இருக்கிறது. அதில் சைக்கிளை ஏற்றி ஏற்றிக் கால்களைப் பலப்படுத்தினான். இன்றும் அந்த ஊர் மக்கள் அவர் நினைவாக அந்த ஏற்றத்தில் போட்டி நடத்தி வருகிறார்கள்.

1896இல் மங்கர் அவனைச் சொந்த ஊரான இன்டியானாபொலிஸுக்குக் கூட்டிச் சென்று, அங்கிருந்த ஓடுதளத்தில் உத்தியோகபூர்வமற்ற நேரக்கணிப்பு ஓட்டமொன்றில் இறக்கினார். மார்ஷல் அந்தத் தளத்தின் ஒரு மைல் சாதனையை முறியடித்தான். பாராட்டுக் கிடைத்ததா? இல்லை. இனிமேல் இந்தத் தளத்தில் கால் வைக்கக்கூடாது என்று தடை கிடைத்தது. மூடிய இரண்டாவது வாசல்.

அதே வருடம் டிசம்பரில், 18 வயதில், நியூயோர்க்கின் மெடிசன் ஸ்குவெயார் கார்டனில் தொழில்முறை வீரராகக் களமிறங்கினார். ஆறு நாட்கள் ஓடும் போட்டியிலும் கலந்துகொண்டு 1,732 மைல்கள் ஓடி எட்டாம் இடம் பெற்றார். குறுந்தூர வீரனுக்கு அது தேவையில்லாத சித்திரவதை. அதன் பிறகு இப்படியான போட்டியை அவர் மறுபடி ஓடவில்லை.

*48 மணித்தியாலம்*

வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் வெளியே பயிற்சி எடுக்க முடியாது, பனி. ஆகவே வீரர்கள் பருவம் தொடங்கும் முன்னர் வெயில் உள்ள தெற்கு மாநிலங்களுக்குப் போய்ப் பயிற்சி எடுப்பார்கள். 1898 ஆரம்பத்தில் டெய்லரும் ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகருக்குப் போனார். வயது 19.

பயிற்சியின்போது வெள்ளைக்கார ஓட்டக்காரர்களை அவர் முந்திவிட்டார். பயிற்சி என்றால் முந்துவதும் முந்தப்படுவதும்தானே. ஆனால் அதற்கடுத்து அவருக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. 48 மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விடு என்பதுதான் சாரம். அந்தக் காலத்தில் அந்தப் பிரதேசத்தில் கறுப்பினத்தவர்களைக் கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வது நடந்துகொண்டிருந்தது. அது வெற்று மிரட்டலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. அவர் பயிற்சியை விட்டுவிட்டு வடக்கே திரும்பினார். மூன்றாவது வாசல்.

போட்டித் தளத்திலும் இதே கதைதான். பல வீரர்கள் பேசி வைத்துக்கொண்டு அவரை நடுவில் விட்டு நாலா பக்கமும் அடைத்துவிடுவார்கள். முழங்கையால் இடிப்பார்கள். 1897இல் டோன்டன் என்ற ஊரில் போட்டி முடிந்ததும் தோற்ற வீரர் ஒருவர் அவர் கழுத்தை நெரித்து மூச்சடைக்க வைத்தார். பொலிஸ் தலையிட வேண்டி வந்தது. நெரித்தவருக்குக் கிடைத்தது வெறும் அபராதம்.

இதற்கு டெய்லர் கண்ட பதில் என்ன? கை நீட்டுவதை விட்டு யோசித்தார். அடைபடும் முன்னரே வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் சின்ன இடைவெளி கிடைத்தாலும் மின்னல் போல அதற்குள் நுழைய வேண்டும். அதற்கான திடீர்ப் பாய்ச்சலைப் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழகினார். கைப்பிடியை முன்னுக்கு நீட்டி வைக்கும் ஒரு தண்டைப் பயன்படுத்தி, உடம்பைத் தாழ்த்தி ஓடும் முறையைப் பிடித்துக்கொண்டார். இன்றும் பழைய சைக்கிள் பிரியர்கள் அந்தத் தண்டை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். மது, புகை இரண்டையும் தொடவில்லை.

*மொன்றியல், 1899*

1899 ஓகஸ்ட் 10, கனடாவின் மொன்றியல் நகரம். உலக சம்பியன்ஷிப் போட்டியின் ஒரு மைல் ஸ்பிரின்ட். மேஜர் டெய்லர் வென்றார். வயது 20. எந்த விளையாட்டிலும் உலக சம்பியனான கறுப்பினத்தவர்களில் அவர் இரண்டாமவர். அவருக்கு முன்னர் குத்துச்சண்டை வீரர் ஜோர்ஜ் டிக்சன் மட்டும்தான். அடுத்த வருடம் அமெரிக்க ஸ்பிரின்ட் சம்பியன் பட்டமும் அவருக்கே.

ஐரோப்பாவிலிருந்து அழைப்புகள் வந்தன. பெரிய தொகை. ஆனால் அங்கே பெரிய பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். டெய்லர் பக்தியுள்ளவர். ஞாயிறு வழிபாட்டு நாள், அன்று ஓடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஜும்ஆவின் பெறுமதி தெரிந்த நமக்கு இதன் அர்த்தம் விளங்கும். கடைசியில் ஏற்பாட்டாளர்கள்தான் இறங்கி வந்தார்கள். ஞாயிறு ஓடத் தேவையில்லை என்ற உடன்படிக்கையோடு 1901இல் ஐரோப்பா போனார்.

பாரிஸின் பார்க் தே ப்ரின்ஸ் தளத்தில், 1900இன் உலக சம்பியனான பிரான்ஸ் வீரர் எட்மொன்ட் ஜாக்லினோடு மோதல். மே 16ஆம் திகதி நடந்த முதல் மோதலில், நல்ல குளிரில், டெய்லர் தோற்றார். மே 27இல் மீண்டும் மோதி வென்றார். முதலாவது ஒரு வியாழன், இரண்டாவது ஒரு திங்கள். இரண்டும் அங்கே விடுமுறை நாட்கள். அவருடைய நிபந்தனைக்காகப் பாரிஸ் நகரமே நாள் மாற்றிக்கொண்டது போல ஆயிற்று.

அவுஸ்திரேலியாவுக்கும் 1903, 1904 பருவங்களில் போய் ஓடினார். மகள் அங்கே சிட்னியில் பிறந்ததால் அவளுக்கு ரீட்டா சிட்னி என்று பெயர் வைத்தார்.

வரலாற்றை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். இடையில் சில வருடங்கள் ஓய்ந்திருந்துவிட்டு, வயது ஏறிய நிலையில் மறுபடி ஐரோப்பாவுக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை நிபந்தனையை அவரால் காப்பாற்ற முடியவில்லை. கை ஓங்கியிருக்கும்போது கொள்கையோடு நிற்பது ஒன்று, தளர்ந்த நேரத்தில் நிற்பது இன்னொன்று. அவரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. மனிதனின் நிலைமை அது.

*கடைசிக் காலம்*

1910இல் ஓய்வு. தொழிலில் போட்ட பணம் நட்டமாயிற்று. உடல்நலம் கெட்டது. குடும்பம் பிரிந்தது. தனது வாழ்க்கை வரலாற்றைத் தானே எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்து 1928இல் வெளியிட்டார். பிறகு அதை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். ஒரு காலத்தில் பாரிஸில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று பார்த்த மனிதர் அவர்.

1932 ஜூன் 21இல் சிக்காகோவில், ஏழைகளுக்கான இலவச வைத்தியசாலை வார்டில் காலமானார். வயது 53. உடலைப் பொறுப்பேற்க எவரும் வரவில்லை. பெயர்ப்பலகையில்லாத குழியில் புதைத்தார்கள். 1948இல்தான் பழைய சைக்கிளோட்ட வீரர்கள் சிலர், சைக்கிள் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஷ்வின்னின் பண உதவியோடு, அவரைத் தகுந்த இடத்தில் மறுபடி அடக்கி ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

1894இல் போட்ட அந்த வெள்ளையர்-மட்டும் விதியை, அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்பு முறைப்படி கைவிட்டது 1999இல். டெய்லர் உலக சம்பியனாகிச் சரியாக நூறு வருடம்.

*அதே ஊரில் ஒரு தளம்*

ஆனால் கதை கப்ருஸ்தானோடு முடியவில்லை. 1982இல் இன்டியானாபொலிஸ் நகரில் ஒரு சைக்கிள் ஓடுதளம் திறக்கப்பட்டது. அதன் பெயர் மேஜர் டெய்லர் வெலோட்ரோம். அவரை உடற்பயிற்சிக் கூடத்துக்குள் எடுக்காத அதே ஊர். சாதனை செய்ததற்காகத் தளத்துக்குத் தடை போட்ட அதே ஊர். இன்று அந்த ஊரின் பிள்ளைகள் பிரேக் இல்லாத சைக்கிளில் முதன்முதலாகச் சரிவில் ஏறப் பழகுவது அவர் பெயர் போட்ட இடத்தில்தான்.

இதோடு இன்னொருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலேசியாவின் திரெங்கானு மாநிலத்தில், டுங்குன் என்ற ஊரில் 1988இல் பிறந்த அஸீஸுல்ஹஸ்னி அவாங். ஸ்பிரின்ட் வீரர்கள் பொதுவாக மலை போல இருப்பார்கள், இவர் சிறிய உருவம். அவர் வளர்ந்த காலத்தில் மலேசியாவில் உள்ளரங்க ஓடுதளம் கிடையாது. நாடு அவரை அவுஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கு அனுப்பி, ஜோன் பீஸ்லி என்ற பயிற்றுவிப்பாளரிடம் வருடக்கணக்காகப் பயிற்றுவித்தது. 2011இல் மான்செஸ்டரில் விழுந்தபோது தளத்தின் மரச் சிராய் ஒன்று அவர் கெண்டைக்காலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் துளைத்துவிட்டது. அதோடு எழுந்து எல்லைக்கோட்டைக் கடந்தார். ஸ்பிரின்ட் குடும்பத்தைச் சேர்ந்த கெய்ரின் போட்டியில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017இல் உலக சம்பியன், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அவர் உலகம் வென்ற அதே 2017இல்தான் மலேசியாவின் நிலாய் நகரில் தேசிய உள்ளரங்கத் தளமும் பாவனைக்கு வந்தது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பயிற்சிக்காக வேறு நாட்டில் வருடக்கணக்கில் வாழத் தேவையில்லை.

டெய்லருக்கு ஒரு தனிமனிதர் வாசலைத் திறந்தார். அஸீஸுலுக்கு ஒரு நாடு திறந்தது. இரண்டிலும் திறமை முதலிலேயே இருந்தது.

*நமக்கு இதில் என்ன?*

நமது ஊரில் ஓடுதளம் கட்டுங்கள் என்று கேட்பதற்கு நான் இதை எழுதவில்லை. நமது கையில் இருக்கின்ற வாசல்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

நம்மிடம் மைதானம் இருக்கிறது. மாலை நேரத்தில் அதற்குள் யார் இருக்கிறார்கள், மதில் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். சப்பாத்து இல்லாத பிள்ளை, வாப்பா இல்லாத பிள்ளை, படிப்பில் பின்தங்கியதால் "இவனுக்கு விளையாட்டு வேற கேடா" என்று ஏச்சு வாங்கிய பிள்ளை, பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த வேற்று மதப் பிள்ளை. பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது, அவர்களுக்கு வசதியான முறையில், அந்த மைதானம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? யாரும் இவர்களுக்கு 48 மணித்தியாலக் கெடு வைக்கவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போதும். பெரிய செலவு இல்லை. வீதியில் வேகமாக ஓடி வாப்பா உம்மாவின் வயிற்றில் புளியைக் கரைக்கின்ற பையன்களை மைதானத்துக்குள் எடுத்து, ஹெல்மட் போட்டு, நின்ற இடத்திலிருந்து கிளம்புவது எப்படி, நேராக ஓடுவது எப்படி, அடுத்தவனை இடிக்காமல் முந்துவது எப்படி என்று பழக்கலாம். ஒரு விசிலும், நேரம் பார்க்க ஒரு ஃபோனும், பொறுமையுள்ள இரண்டு பெரியவர்களும் இருந்தால் தொடங்கலாம். நமது ஊரில் பழைய ஓட்டக்காரர்கள் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்! அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மங்கராக முடியும்.

இன்டியானாபொலிஸ் தனது பிள்ளையை அடையாளம் காண, அவர் இறந்து ஐம்பது வருடம் எடுத்தது. நமது பிள்ளைகள் இன்று மாலையும் அந்த மதில் ஓரத்தில் இருப்பார்கள்.

விருப்பமுள்ள பெற்றோர், பழைய விளையாட்டு வீரர்கள், மைதானப் பொறுப்பாளர்கள் கீழே கருத்திடுங்கள். இன்ஷா அல்லாஹ் உட்கார்ந்து பேசுவோம்.